எங்கள் அடுப்பில் பொங்கிய பால்

வெள்ளிக்கிழமை காலை ஐந்து இருபதுக்கு எங்கள் வீட்டு அடுப்பில் வேறொரு குடும்பத்தின் பால் பொங்கியது. பொங்கியதும் அந்தப் பெண் செல்போனில் மணி பார்த்து, "அஞ்சு இருவது. ஞாபகம் வச்சுக்கங்க" என்று தன் கணவரிடம் சொன்னாள். அவர் ஞாபகம் வைத்திருக்கிறாரோ என்னவோ, நான் வைத்திருக்கிறேன்.

அன்று ஆனி மாதத்தின் கடைசி முகூர்த்தம். அடுத்த வாரம் ஆடி பிறக்கிறது. ஆடியில் எங்கள் பக்கம் யாரும் வீடு மாறமாட்டார்கள். ஆனால் ஆனிக்குள் புது வீட்டில் பால் காய்ச்சிவிட்டால் குடி புகுந்ததாகவே கணக்கு. சாமான்களைப் பிறகு மெதுவாக ஏற்றிக்கொள்ளலாம். அதனால் அந்த வாரம் மதுரையில் விடிவதற்கு முன்னால் எந்தத் தெருவில் பார்த்தாலும் பால் பாத்திரமும் உப்புப் பொட்டலமுமாக ஒரு குடும்பம் ஏதாவது ஒரு படி ஏறிக்கொண்டிருக்கும்.

எங்கள் வீடு என்று சொல்வது பழக்கத்தால். கோரிப்பாளையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், ஒரு ஹால், ஒரு ரூம், ஒரு அடுப்படி. பதினோரு வருஷமாக வாடகை. வீட்டுக்காரம்மா மாடியில் இருந்தார். என் மகள் முதல் வகுப்பு சேர்ந்த வருஷம் வந்தோம். இப்போது அவள் பன்னிரண்டாம் வகுப்பு. பங்குனியில் ஒருநாள் வீட்டுக்காரம்மா கீழே இறங்கி வந்து, தண்ணீர் குடித்துவிட்டு, புது வாடகையைச் சொன்னார். "சுத்துப்பட்டுல எல்லாரும் வாங்குறதத்தான் கேக்குறேன். உங்களுக்குன்னு ஒண்ணும் கூட்டிச் சொல்லல" என்றார். பொய் இல்லை. சுற்றிலும் அப்படித்தான் ஆகிவிட்டிருந்தது. நான் ஒரு சிறிய தனியார் பள்ளியில் அறிவியல் சொல்லித் தருகிறேன். என் கணவர் வடக்கு வெளி வீதியில் ஓர் இரும்புச் சாமான் கடையில் கவுண்டரில் நிற்கிறார். அந்த வாடகையைக் கொடுத்தால் என் சம்பளம் வீட்டுக்கு வருவதாகவே சொல்ல முடியாது. ஆனி கடைசிக்குள் காலி செய்கிறோம் என்று ஒப்புக்கொண்டோம்.

மூன்று மாதம் தேடி செல்லூரில் ஒரு வீடு கிடைத்தது. பழைய வீடு, சுவரில் ஈரம், ஆனால் மகளின் பள்ளிக்கு நடந்து போய்விடலாம். எனக்கு அது போதும். மாலையில் ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து அவள் வர இருட்டிவிடும். இந்த ஒரு வருஷம் நாங்கள் மூன்று பேரும் ஒரே வீட்டில் இருக்க வேண்டும், அவள் நடந்து போய் நடந்து வர வேண்டும். நான் கேட்டது இவ்வளவுதான். இதற்கு இத்தனை பேரிடம் கெஞ்ச வேண்டியிருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

வீட்டுக்காரம்மா எங்கள் இடத்துக்கு ஆள் பார்த்துவிட்டார். அவர்களும் ஆடிக்கு முன்னால் பால் காய்ச்ச வேண்டும், நாங்களும் செல்லூரில் காய்ச்ச வேண்டும், எல்லோருக்கும் கிடைத்தது ஒரே முகூர்த்தம். "விடியக்காலையில அவுக வந்து காய்ச்சிட்டுப் போகட்டும். பெறகு நீங்க போய் அங்க காய்ச்சுங்க. ஞாயித்துக்கெழம ரெண்டு பேரும் சாமான மாத்திக்கங்க" என்று வீட்டுக்காரம்மா முடிவு சொன்னார். கேட்கும்போது எளிதாகத்தான் இருந்தது.

அவர்கள் நாலரை மணிக்குக் கதவைத் தட்டினார்கள். கணவன், மனைவி, இரண்டு சிறு பையன்கள். சின்னவன் அப்பாவின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தான். அவர் லோடு வண்டி ஓட்டுகிறவர். அவளுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும், ஓர் ஆஸ்பத்திரியில் வார்டு வேலை. மேம்பால வேலைக்காக ரோட்டை அகலப்படுத்துகிறார்கள். இவர்கள் குடியிருந்த வரிசை வீடுகள் இடிபடப் போகின்றன. வீட்டுச் சொந்தக்காரருக்குப் பணம் வந்தது, குடியிருந்தவர்களுக்குத் தேதி வந்தது.

"தூக்கத்தக் கெடுத்துட்டோம்க்கா. அடுப்பு மட்டும்தான் உங்களுது. மத்ததெல்லாம் கொண்டாந்துட்டோம்" என்றபடி அவள் நேராக அடுப்படிக்குப் போனாள். நான் முந்தின நாள் சாம்பார்ச் சட்டியை அவசரமாக எடுத்து மறைத்தேன். அவள் என் அடுப்பைத் துடைத்தாள், மேடையில் கோலம் போட்டாள், பால் பாத்திரத்தின் கழுத்தில் மஞ்சள் கட்டினாள். என் மிளகாய்ப்பொடி டப்பாவும் கடுகு டப்பாவும் வரிசையாக நின்று பார்த்துக்கொண்டிருந்தன. என் கணவர் ஹாலில் எங்கே நிற்பது என்று தெரியாமல், விருந்தாளிகள் வந்ததுபோல "வாங்க, வாங்க, உக்காருங்க" என்று மூன்று முறை சொன்னார்.

பால் கிழக்கால் பொங்கி வழிந்தது. அவள் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு மெல்லக் குலவை விட்டாள். ரூமில் தூங்கிக்கொண்டிருந்த என் மகள் தலைமுடி கலைந்தபடி எழுந்து வந்து, "என்னம்மா, நம்ம வீட்டுல யாருக்குக் கல்யாணம்?" என்றாள்.

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். முதல் டம்ளர் பாலை ஊற்றி என் மகளிடம் நீட்டினாள். "எங்களுக்கு ரெண்டும் பயலுகளாப் போச்சு. மொதப் பால வீட்டுப் பொம்பளப் பிள்ளதான் குடிக்கணும்னு சொல்லுவாக. நீ குடி தாயி."

மகள் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். குடித்து முடித்து, உதட்டைத் துடைத்துக்கொண்டு, "சீனி கம்மி ஆன்ட்டி" என்றாள். எல்லோரும் சிரித்தோம். சின்னப் பையன்கூட விழித்துக்கொண்டான்.

போகும்போது அவள் அடுப்படி மூலையில் ஒரு சொம்புத் தண்ணீரும் ஒரு பாக்கெட் கல் உப்பும் மஞ்சள் கிழங்கும் வைத்துவிட்டுப் போனாள். "இது இங்கனயே இருக்கட்டும்க்கா, எடுத்துராதீங்க. ஞாயித்துக்கெழம வந்துர்றோம்." அந்த மூலை அந்த நிமிஷத்திலிருந்து என்னுடையது இல்லை. அதை நான் கூட்டும்போதுகூடச் சுற்றித்தான் கூட்டினேன்.

குளித்துவிட்டு நாங்கள் இருவரும் ஸ்கூட்டரில் கிளம்பினோம். மகள் பள்ளிக்குப் போய்விட்டாள். நான் தூக்குவாளியில் பால், பையில் புதுப் பாத்திரம், உப்பு, மஞ்சள், சாமி படம் வைத்திருந்தேன். அட்வான்ஸ் பணம் என் கணவரின் இடுப்பில் இருந்தது.

அந்தப் பணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். செல்லூர் வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். டோக்கனாக ஒரு சிறு தொகைதான் வாங்கியிருந்தார். புதன்கிழமை போன் செய்து, "மீதி அட்வான்ஸக் குடுத்துட்டு சாவிய வாங்கிக்கங்க" என்றார். புதன்கிழமை அஷ்டமி. வியாழக்கிழமை நவமி. அஷ்டமியிலும் நவமியிலும் வீட்டுக் காரியத்துக்குப் பணம் கைமாற்றுவது எங்கள் குடும்பத்தில் கிடையாது. நானும் என் கணவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். "தசமி அன்னைக்குக் காலையில பால் காய்ச்சிட்டு உங்க கையில குடுத்துர்றோம்யா" என்றேன். "அதுவும் சரிதாம்மா. நல்ல நாள்லயே குடுங்க" என்றார் அவர். வகுப்பில் கிரகணத்தைப் பற்றிச் சொல்லித் தருகிற நான்தான் அதைச் சொன்னேன். ஆனால் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

செல்லூர் வீட்டு வாசலில் ஒரு மினி லாரி நின்றிருந்தது. இரண்டு பேர் இரும்புக் கட்டில்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒன்றின்மேல் ஒன்றாகப் படுக்கிற இரட்டைக் கட்டில்கள். எங்கள் ஹாலாக இருக்க வேண்டிய இடத்தில் ஏற்கெனவே நாலு நின்றன. யாரோ தவறான வீட்டில் இறக்குகிறார்கள் என்று என் கணவர், "தம்பி, தம்பி, இது வேற வீடு" என்று ஓடினார்.

கண்டக்டர் வெளியே வந்தார். என் கையிலிருந்த தூக்குவாளியைப் பார்த்தார். அதற்குப் பிறகு என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"நான் என்னம்மா பண்ண? நேத்து ஒருத்தரு வந்தாரு. அஷ்டமியாவது நவமியாவதுன்னு முழுக் காசையும் கையில வச்சிட்டாரு. நீங்க நாள் பாத்துக்கிட்டு இருந்தீங்க."

"நீங்கதானய்யா நல்ல நாள்ல குடுங்கன்னு சொன்னீங்க?"

"சொன்னேன்தான். எனக்கும் பேங்க்ல கட்ட வேண்டியது இருக்குல்ல."

வீட்டை எடுத்தவர் உள்ளே இருந்து வந்தார். ஆஸ்பத்திரிக்கு வெளியூரிலிருந்து வருகிற நோயாளிகளின் துணைக்கு இருப்பவர்களுக்கு நாள் வாடகைக்குக் கட்டில் விடுகிறவர். இந்தப் பக்கம் ஏற்கெனவே மூன்று வீடுகளில் அப்படி நடத்துகிறாராம். ஒரு குடும்பம் மாதம் முழுக்கத் தருகிற வாடகையை அவருடைய கட்டில்கள் சில நாட்களில் எடுத்துவிடும். அவரோடு நாங்கள் எப்படிப் போட்டி போட முடியும்? ஆஸ்பத்திரி வாசலில் பாய் விரித்துப் படுக்கிறவர்களுக்குக் கட்டில் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாயும் வரவில்லை.

அப்போது என் கணவர் ஒன்று கேட்டார். "பால மட்டுமாச்சும் காய்ச்சிட்டுப் போயிர்றோமே" என்றார். காய்ச்சிவிட்டால் வீடு எப்படியாவது எங்களுடையதாகிவிடும் என்பதுபோல.

கட்டில்காரர் சிரித்தார். "காய்ச்சுங்க சார். கட்டில் எறக்குற பயலுகளுக்கும் ஆளுக்கொரு டம்ளர் குடுங்க. காலையிலேருந்து ஒண்ணும் சாப்புடல."

கண்டக்டர் டோக்கன் பணத்தை என் கணவரின் சட்டைப் பையில் திணித்தார். நாங்கள் வண்டியை எடுத்தோம்.

தெரு முனையில் நிறுத்தி, இருவரும் லீவு சொன்னோம். மாலைக்குள் ஒரு வீடு பிடித்து, அதே முகூர்த்த நாளில், ராகு காலம் போக மிச்சமிருக்கிற நேரத்தில் பால் காய்ச்சிவிடலாம் என்றுதான் அப்போதும் நினைத்தோம். என் மடியில் பால் இருந்தது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சிக்னலிலும் மூடியைத் திறந்து மோந்து பார்த்தேன்.

கோரிப்பாளையத்தில் டீக்கடை முன்னால் நிற்கிற புரோக்கர் பாயிடம் போனோம். தலையில் முடியே இல்லாத மனிதர். எங்களைக் கண்டதும் இரண்டு கையையும் விரித்தார். "அக்கா, இன்னைக்கு முகூர்த்தம். மதுரையில இன்னைக்குக் காலியா இருக்குறது என் மண்ட மட்டும்தான்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் அதைப் பார்த்து, டீ சொல்லிவிட்டு, போனில் ஏழெட்டுப் பேரைக் கூப்பிட்டார். மூன்று முகவரி கொடுத்தார். "ஆடி பொறந்துட்டா இதுவும் இல்லக்கா. வீடு காலியாத்தான் கெடக்கும். ஆனா எந்த ஓனரும் ஆடியில சாவியக் குடுக்கமாட்டான். நான் குடுக்கச் சொன்னா, ஒனக்கென்ன பாய், நீ ஆடி பாக்கமாட்ட, நான் பாக்கணும்லன்னு சொல்லுவான்."

முதல் வீடு நரிமேட்டில் மாடி. அந்த அம்மா படியிலேயே நிறுத்தி, எத்தனை பேர், ஊரிலிருந்து விருந்தாளி வருவார்களா, வாஷிங் மெஷின் உண்டா, எம்புட்டுத் தண்ணி செலவாகும் என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் பரீட்சையில் பதில் சொல்வதுபோலச் சொன்னேன். கடைசியில் சொன்ன வாடகை, நாங்கள் எதைக் கட்ட முடியாமல் வெளியேறுகிறோமோ அதைவிட அதிகம்.

இரண்டாவது வீட்டில் ஒரு பெரியவர் அன்பாகப் பேசினார். உள்ளே கூட்டிப் போய் அலமாரியெல்லாம் திறந்து காட்டினார். எல்லாம் முடிந்தபின், "தப்பா நெனைக்காதீங்க. நீங்க என்ன ஆளுக?" என்றார். என் கணவர் சொன்னார். "அப்பிடியா. எங்க ஆளுகளுக்கு மட்டும்தான் குடுக்குறதுன்னு வீட்டுல பேசி வச்சிருக்கோம்" என்றார் அதே அன்பான குரலில். அலமாரிக் கதவுகளை அவர் ஒவ்வொன்றாக மூடும்வரை நாங்கள் நின்றுகொண்டிருந்தோம். ஏன் நின்றோம் என்று தெரியவில்லை.

மூன்றாவது வீட்டுக்கு நாங்கள் போனபோது வாசலில் புதுக் கோலமும் உள்ளே பால் வாசமும் இருந்தன.

நான்கு மணிக்கு வீடு வந்தோம். மகள் ஸ்பெஷல் கிளாஸுக்கு லீவு சொல்லிவிட்டுப் பள்ளியிலிருந்து முன்னதாகவே வந்து அட்டைப் பெட்டியில் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். தூக்குவாளியை வாங்கித் திறந்தாள். "அம்மா, திரிஞ்சு போச்சும்மா" என்றாள். பிறகு எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தாள். பெட்டியில் வைத்த புத்தகங்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து அலமாரியில் திரும்ப அடுக்க ஆரம்பித்தாள்.

நான் மாடிக்கு ஏறினேன். ஒரே ஒரு மாதம், ஆடி முடிகிறவரை, அவர் கேட்ட அதே புது வாடகைக்கு இருந்துகொள்கிறோம் என்று கேட்டேன். வீட்டுக்காரம்மா டிவியை நிறுத்தினார்.

"நீ இப்பக் கேக்குறயே தாயி. காலையிலதான அவுக பால் காய்ச்சுனாக. பால் காய்ச்சுன பெறகு நான் எப்பிடி வேண்டாம்னு சொல்றது? அந்தப் பாவத்த நான் கட்டிக்கிற முடியுமா? இனி அது அவுக வீடு. அவுகளக் கேளு." அவருடைய போனிலிருந்து அந்தப் பெண்ணின் நம்பரைக் கொடுத்தார்.

சனிக்கிழமை காலை அந்த நம்பரை வைத்துக்கொண்டு அடுப்படியில் நின்றேன். மூலையில் அவர்களுடைய சொம்புத் தண்ணீர், உப்பு. ஒரு முறை போட்டேன். மணி அடித்ததும் துண்டித்தேன். என்ன சொல்லிக் கேட்பது? உங்கள் வீட்டை இடிக்கப் போகிறார்கள் என்று தெரியும், இருந்தாலும் ஒரு மாதம் வேறெங்காவது இருங்கள் என்றா? இன்னொரு முறை போட்டேன், துண்டித்தேன். அவளே திருப்பிக் கூப்பிட்டாள். பின்னால் ஆஸ்பத்திரி இரைச்சல் கேட்டது. "என்னக்கா?" என்றாள்.

"ஒண்ணுமில்லம்மா. சும்மாதான். கை பட்டிருச்சு."

"சரிக்கா. நாளைக்கு வாரோம்" என்று வைத்துவிட்டாள்.

அன்று ரிங் ரோட்டைத் தாண்டியும் போய்ப் பார்த்தோம். வேறொரு புரோக்கர், "பஸ் ஸ்டாப்புலேருந்து பத்து நிமிஷம்" என்றார். யாருக்குப் பத்து நிமிஷம், ஓடுகிறவருக்கா என்று என் கணவர் கேட்டார். பிளாட் கற்கள் நட்ட பொட்டல். நடுவில் தனியாக ஒரு புது வீடு, வாடகை குறைவு, நல்ல காற்று. இருபுறமும் கருவேலம். வாசலில் நின்று ரோட்டைப் பார்த்தேன். மாலை ஏழு மணிக்கு அந்த ரோட்டில் என் மகள் பையைச் சுமந்துகொண்டு தனியாக நடந்து வருவதை என்னால் கண்ணை மூடாமலே பார்க்க முடிந்தது. "வேண்டாம்" என்றேன். புரோக்கர், "ஆறு மாசத்துல இங்க எல்லாமே வந்துரும் மேடம்" என்றார். எங்களுக்கு ஆறு மாதம் இல்லை.

திரும்பி வரும்போது என் கணவர் வண்டியை ஓரமாக நிறுத்தி, உசிலம்பட்டியில் இருக்கிற தன் அண்ணனுக்குப் போன் செய்தார். அவர் வீட்டுக்குப் பின்னால் சாய்ப்பு இறக்கிய ஒரு பத்தி இருக்கிறது, தீவன மூட்டை போட்டு வைப்பது. அண்ணன் உடனே சொல்லிவிட்டார்: "மூட்டைய எடுத்துப் போட்டுர்றேன், வா. நாளைக்குப் பத்து மணிக்கு வண்டி அனுப்புறேன்." ஆடிக்கு இன்னும் சில நாள் இருந்தது, சொந்த அண்ணன் வீட்டுக்கு நாளும் பார்க்க வேண்டியதில்லை.

என் கணவர் அங்கிருந்து டவுன் பஸ்ஸில் கடைக்கு வந்து போவார். என் பள்ளி எட்டேகாலுக்குத் தொடங்கும்; சமைத்து வைத்துவிட்டு அந்நேரத்துக்கு வந்து சேர முடியாது, வேலையை விட வேண்டியதுதான். மகளுக்கு? காலையில் ஐந்தரை பஸ், இரவில் எட்டரை பஸ். இதை நாங்கள் அவளிடம் எப்படிச் சொல்வது என்று ஹாலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது அவள் ரூமிலிருந்து வந்தாள்.

"நீங்க பேசுறது கேட்டுச்சுப்பா. மிஸ்ஸுக்குப் போன் போட்டு விசாரிச்சுட்டேன். எங்க ஸ்கூல் ஹாஸ்டல்ல ஒரு பெட் இருக்காம். நான் அங்க இருந்துக்கிறேன். நீங்க உசிலம்பட்டி போங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். கதவைச் சாத்திக்கொண்டு அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை. டவல் எங்கே என்று கேட்கிற குரலில் சொன்னாள். சொல்லிவிட்டு, "தண்ணி கேன் சொல்லணுமா, இல்ல நாளைக்கு வேண்டாமா?" என்று கேட்டாள். என் கணவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததிலிருந்து என்னால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. ஒரு பெட்டியைக் கட்டுவேன், எதையோ மறந்ததுபோல அவிழ்ப்பேன். மகளின் பொருட்களைத் தனியாக ஒரு சூட்கேஸில் வைக்க வேண்டும். அவளுடைய தலையணையை உசிலம்பட்டிப் பெட்டியில் வைத்தேன், எடுத்தேன், சூட்கேஸில் வைத்தேன், சூட்கேஸ் மூடவில்லை. சுவரில் அவள் உயரம் குறித்த பென்சில் கோடுகள் இருந்தன. அழித்துவிட்டுப் போவதா, விட்டுவிட்டுப் போவதா என்று அதன் முன்னால் நின்றேன். பதினோரு வருஷத்தில் ஓர் ஆணிகூட வீட்டுக்காரம்மாவைக் கேட்காமல் நாங்கள் அடித்ததில்லை. இதற்கு மட்டும் கேட்டதில்லை.

ஒன்பதரைக்கு வாசலில் வண்டிச் சத்தம். உசிலம்பட்டி வண்டி முன்னாலேயே வந்துவிட்டது என்று என் கணவர் எட்டிப் பார்த்தார். அது இல்லை. பீரோவும் கட்டிலும் சைக்கிளும் ஏற்றிய லோடு வண்டி. டிரைவர் சீட்டிலிருந்து அந்தப் பெண்ணின் கணவர் இறங்கி, "அண்ணே" என்றார். பின்னால் சாமான்களுக்கு நடுவில் இரண்டு பையன்கள் ஒரு கிரைண்டரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பெண் மடியில் ஒரு ரோஜாத் தொட்டியோடு முன்சீட்டிலிருந்து இறங்கினாள்.

உள்ளே வந்தாள். பாதி கட்டிய பெட்டிகளைப் பார்த்தாள். தனியாக இருந்த சூட்கேஸைப் பார்த்தாள். "செல்லூருக்கா போறீங்க?" என்று கேட்டாள்.

நான் இல்லை என்றேன். என் கணவர்தான் சுருக்கமாகச் சொன்னார்: செல்லூர் இல்லை என்று ஆகிவிட்டது, நாங்கள் இருவரும் உசிலம்பட்டி, பிள்ளை ஹாஸ்டல், பத்து மணிக்கு வண்டி வரும், உங்களுக்குத் தொந்தரவு இல்லை.

"சும்மா கை பட்டிருச்சுன்னீங்களே" என்றாள் என்னைப் பார்த்து. "சும்மா யாருக்கா ரெண்டு தடவ மிஸ்டு கால் குடுப்பா? அப்பவே என்னமோன்னு நெனச்சேன். கேட்டிருந்தா வாய் வலிக்குமா?"

வெளியே அவள் கணவர் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்திருந்தார். அவள் வாசலுக்குப் போய், "ஏங்க, பீரோவ எறக்காதீங்க, இருங்க" என்றாள். அவர் கயிறும் கையுமாக நின்றார். "இருங்கன்னா? நம்ம வீட்டுல இந்நேரம் ஓட்டப் பிரிச்சிருப்பான்டி. எங்கிட்டுப் போகச் சொல்ற?"

"போகச் சொல்லல. பீரோ ஹாலுக்குள்ள எந்தப் பக்கம் வரும்னு பாக்கணும்ல."

திரும்பி உள்ளே வந்தாள். ஹாலை ஒரு முறை சுற்றிப் பார்த்தாள். ரூமைப் பார்த்தாள். அடுப்படிக்குப் போய் மூலையில் தான் வைத்த சொம்பும் உப்பும் அப்படியே இருப்பதைப் பார்த்தாள். ரோஜாத் தொட்டியை அதன் பக்கத்தில் வைத்தாள். என் மகள் ரூம் வாசலில், கையில் ஒரு செல்லோடேப்போடு நின்றுகொண்டிருந்தாள். அவளிடம் போய் அந்த டேப்பை வாங்கிக்கொண்டாள்.

"ஊருக்குப் போன் போட்டு வண்டி வேண்டாம்னு சொல்லுங்கண்ணே. ஆடி முடியட்டும். ரூம்ல நீங்க மூணு பேரும் இருங்க, ஹால்ல நாங்க படுத்துக்கிறோம். ராத்திரி பயலுக தூக்கத்துல கதவ ஒதைப்பானுக, அத மட்டும் பொறுத்துக்கங்க. அடுப்பு ஒண்ணு போதும். இந்த வீட்டுல மொதப் பாலக் குடிச்சது உங்க பிள்ளக்கா. அதப் போயி ஹாஸ்டலுக்கு அனுப்புறேங்கிறீங்க?"